போக்கியப் பணத்தில் வீட்டைப் புதுப்பிக்கலாமா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் பழமொழி. கட்டிய வீட்டைப் புதுப்பித்துப் பார் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைக்கவில்லை. அவர்கள் காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, உடைந்த ஓட்டை மாற்றினால் வீடு புதுப்பிக்கப்பட்டுவிடும். இன்றைய பெங்களூரில் நிலைமை வேறு. புது வீடு என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி ஒரு விலை சொல்லிவிடுகிறார். பழைய வீடு அப்படியல்ல. பூச்சைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே செங்கல் இருக்கிறதா, வெறும் மண் இருக்கிறதா என்பதே தெரியும். அதனால் புதுக் கட்டடத்தைவிடப் புதுப்பிக்கும் வேலைக்குத்தான் கணக்கு முக்கியம். நம்மவர்கள் பலர் அந்தக் கணக்கைத் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்பது என் கருத்து.

நான் நாற்பது ஆண்டுகளாக நீலசந்திராவில் குடியிருப்பவன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தக் காரணத்தால் அக்கம்பக்கத்தவர்கள் வீட்டு வேலைக்கு மேஸ்திரி எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைக் கொண்டுவந்து, "அண்ணா, இது சரியா இருக்குதா, பாருங்க" என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்த எஸ்டிமேட்டுகளில் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் பேட்டையின் நிலை

நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், ஆனேபாளையா, விவேக் நகர் ஆகிய இடங்களில் நம் மக்கள் இன்று நேற்று குடியேறியவர்கள் அல்லர். 1809-ல் பெங்களூர் தண்டுப் பகுதி உருவான காலந்தொட்டு வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து பட்டாளத்துக்கும், மில்லுக்கும், கட்டட வேலைக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே ஏராளம். தாத்தா ஓர் அறை போட்டார். அப்பா அதன் பக்கத்தில் இன்னொன்று சேர்த்தார். பிள்ளை மேலே ஒரு மாடி ஏற்றினார். 15-க்கு 20, 20-க்கு 30 அடி மனைகளில் இப்படித்தான் எங்கள் வீடுகள் வளர்ந்தன. கீழே சைஸ் கல் அஸ்திவாரம், நடுவில் மண் கலவையில் வைத்த செங்கல், மேலே கருங்கல் பலகைக் கூரை, அதற்கும் மேலே பிற்காலத்துக் கான்கிரீட் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக் கட்டட வேலையைக் காணலாம்.

ஒரு பக்கம் கோரமங்களா, மறுபக்கம் ரிச்மண்ட் டவுன். நடுவில் நாம். எனவே மனை விலை பணக்காரர் விலை. குடியிருப்போர் வருமானம் நடுத்தரத்துக்கும் கீழே. கொத்தனார் கூலியும் கம்பி விலையும் கோரமங்களாவுக்கு ஒன்று, நீலசந்திராவுக்கு ஒன்று என்று இருப்பதில்லை. சொல்லப்போனால் எங்களுக்குக் கூடுதல் செலவே ஆகிறது. லாரி நுழையாத சந்துகளில் ஜல்லியையும் எம்-சாண்டையும் பெரிய தெருவில் கொட்டி, சிறு வண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டு வர வேண்டும். கொட்டி வைக்க இடமில்லாததால் மொத்தமாக வாங்க முடியாது. இடித்த மண்ணையும் அதே வழியில்தான் வெளியே கொண்டு போக வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒட்டியே இருப்பதால் ஒரு பக்கம் தோண்டினால் மறுபக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் மேஸ்திரியின் எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை.

போக்கியம் வட்டியில்லாப் பணமா?

இவ்வளவு செலவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பத்து வீடுகளில் விசாரித்தால் சில வீடுகளிலாவது "மாடியைப் போக்கியத்துக்கு விட்டோம்" என்ற பதில் கிடைக்கும்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். போக்கியம் என்றும் லீஸ் என்றும் இங்கே சொல்வதைத் தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். குடித்தனக்காரர் மொத்தமாகச் சில லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் குடியிருப்பார். காலக்கெடு முடிந்ததும் கொடுத்த பணம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டு காலி செய்வார்.

வீட்டுக்காரருக்கு இது மிகவும் இனிப்பான ஏற்பாடாகத் தெரிகிறது. வங்கிக்கு அலைய வேண்டாம். மாதத் தவணை இல்லை. வட்டியும் இல்லை என்கிறார்கள். வட்டி இல்லை என்பது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 12,000 ரூபாய் வாடகை வரக்கூடிய ஒரு மாடி வீட்டை 10 லட்சம் ரூபாய்க்குப் போக்கியம் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நாம் இழக்கும் வாடகை 1,44,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு இது நூற்றுக்கு 14 ரூபாய் 40 காசு வட்டி. வட்டி கையைவிட்டுப் போகாமல், கைக்கு வராமல் நின்றுவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இதே பத்து லட்சத்தை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வங்கியில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 10,150 ரூபாய். அதே மாடியை 12,000-க்கு வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும். 15 ஆண்டுகளில் வங்கிக்குக் கட்டுவது மொத்தம் சுமார் 18 லட்சத்து 26 ஆயிரம். அத்துடன் கடன் தீர்ந்துவிடும். போக்கியத்தை மாற்றி மாற்றி 15 ஆண்டுகள் ஓட்டினால், வாடகை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இழந்த வாடகை 21 லட்சத்து 60 ஆயிரம். அதற்குப் பிறகும் பத்து லட்சம் கடன் அப்படியே நிற்கும்.

மூன்றாண்டு முடிவில் அந்தப் பத்து லட்சத்தைத் திருப்பித் தர வேண்டுமானால் மாதம் 27,778 ரூபாய் சேர்த்து வைத்திருக்க வேண்டும். மாதம் அவ்வளவு மிச்சம் பிடிக்கக் கூடியவருக்குப் போக்கியமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே பெரும்பாலோர் செய்வது என்ன? அடுத்த குடித்தனக்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பதுதான். சங்கிலி அறுபடாதவரை சரி. அறுபட்டால்?

எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்துக்கு அது நேர்ந்தது. மாடிக்கு வாங்கிய எட்டு லட்சத்தை எடுத்து வீடு முழுவதும் தரை மாற்றி, மர அலமாரிகள் செய்து, வாசலுக்குக் கிரானைட் பதித்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. குடித்தனக்காரருக்கு வேலை போயிற்று, காலக்கெடுவும் முடிந்திருந்தது. ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன், பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டது நியாயம். அந்த நேரத்தில் புதிதாகப் போக்கியத்துக்கு வர ஆளில்லை. வீட்டம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. மீதியை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். ஆண்டுக்கு 36 சதவீதம்! ஒரு லட்சத்துக்கு மூன்றாண்டில் 1,08,000 வட்டி கட்டிய பிறகும் அசல் குறையாத கடன் அது. அந்தக் குடும்பத்துப் பெண்ணின் கல்லூரிப் படிப்பு இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. இதை வைத்துத்தான் சொல்கிறேன்: போக்கியப் பணம் நம் பணமல்ல, நம் வீட்டில் கொஞ்ச நாள் தங்கியிருக்கும் அடுத்தவர் பணம். அதைத் தரையில் பதித்துவிட்டால் திருப்பிப் பெயர்த்தெடுக்க முடியாது.

குடித்தனக்காரர் பக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. அவரும் பெரும்பாலும் நம்மைப் போலப் பிழைக்க வந்த தமிழர்தான். ஊரில் நிலத்தை விற்றோ, மனைவியின் நகையை விற்றோ கொண்டுவந்த பணமாக அது இருக்கும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி வீட்டை அனுபவத்தில் விட்டுப் பணம் வாங்கும் இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டியது. நம் பேட்டையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். தகராறு வந்தால் அந்தத் தாள் இருவருக்கும் கைகொடுப்பது கடினம்.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும்?

நம்மவர்கள் போடும் கணக்கு ஆசையிலிருந்து தொடங்குகிறது. சமையலறை இப்படி, கூடம் அப்படி என்று பட்டியல் போட்டு, அதற்கு ஆகும் தொகையைக் கூட்டி, பிறகு அந்தத் தொகையைத் தேடிப் புறப்படுகிறோம். கையில் உள்ளதிலிருந்து தொடங்கி, வேலையை அதற்குள் அடக்குவதே முறை. விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதுதான்.

எடுத்துக்காட்டாக, 20-க்கு 30 மனையில் உள்ள ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கச் சேமிப்பு, சீட்டு, பி.எஃப். எல்லாம் சேர்த்து 12 லட்சம் இருப்பதாகக் கொள்வோம். தொகைகளை நான் விளக்கத்துக்காகச் சொல்கிறேன். உங்கள் தெருவின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 1,80,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். பூச்சைத் தட்டியதும் வெளியே வரப்போகும் செலவுக்கு அது. அடுத்து, வேலை நடக்கும்போது குடியிருக்க வேறு வீடு. ஐந்து மாதத்துக்கு 14,000 வீதம் 70,000. சாமான்களை இரண்டு முறை ஏற்றி இறக்க 20,000. பொறியாளர், வரைபடம், காகிதங்களுக்கு 50,000. இடிபாடுகளை அகற்றவும், சரக்கைச் சந்துக்குள் கொண்டுவரவும் 60,000. இவற்றைக் கூட்டினால் 3,80,000. மேஸ்திரி கரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே நம் 12 லட்சம் 8,20,000 ஆகிவிட்டது. வாடகை வீட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸும் இதே பணத்திலிருந்து கொடுத்தால் 7,20,000-தான். அட்வான்ஸ் திரும்பி வரும். ஆனால் வேலை நடக்கும் மாதங்களில் கையில் இருக்காது.

எட்டு லட்சத்து இருபதாயிரம் வேலைக்குத்தான் நம்மிடம் பணம் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே தெரிந்தவர் அகலக்கால் வைக்க மாட்டார். 12 லட்சத்துக்கும் மேஸ்திரியுடன் பேசி முடித்தவர்தான் நடுவில் போக்கியத்துக்கு ஆள் தேடுகிறார்.

மேஸ்திரியிடம் பேசும்போது மொத்தத் தொகையாகப் பேசாமல் இனம் இனமாக எழுதி வாங்குங்கள். எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை விளக்கு முனை, எத்தனை அடி குழாய், எந்த ரகம் என்று தாளில் இருக்க வேண்டும். வேலை நடந்த அளவுக்குப் பணம் கொடுங்கள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கூலிக்கு மட்டும் பேசிச் சரக்கை நீங்களே வாங்குவதானால், மின்சாரச் சாமான்களுக்கு பி.வி.கே. அய்யங்கார் ரோடு, இரும்புச் சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு என்று ஒரு நாள் அலைந்தால் விலை வேறுபாடு புரியும். சிமென்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாயிற்று. அதற்கு முன் எழுதி வைத்த எஸ்டிமேட் இருந்தால் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

முதலில் எலும்பு, பிறகு தோல்

பணம் குறைவு என்றால் எதை விடுவது? என் அனுபவத்தில் நம்மவர்கள் விட்டுவிடுவது கண்ணுக்குத் தெரியாத வேலைகளைத்தான். உறவினர் வந்து பார்க்கும்போது தரை தெரியும். தரைக்கு அடியில் உள்ள குழாய் தெரியாது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர்.

முதல் பணம் கூரைக்கும் சுவருக்கும். ஒழுகும் கூரைக்குக் கீழே எந்த அலங்காரமும் நிலைக்காது. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்திருந்தால் மேலே சிமென்ட் பூசி மறைப்பது மருந்தாகாது. உதிர்ந்ததைச் சுரண்டி, துருவை நீக்கி, முறையாகச் சரி செய்ய வேண்டும். இரண்டாவது குழாய். முப்பது நாற்பது ஆண்டு ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். சாக்கடைக் குழாயும் சம்ப்பும் கசிந்தால் அஸ்திவாரம் ஊறும். நம் குடிநீரும் கெடும். மூன்றாவது மின்சாரம். ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் இருந்த காலத்து அலுமினிய வயரில் இன்று கீசர், குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஓடுகின்றன. நல்ல எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் ஓர் உயிரின் விலைக்கு முன்னால் பெரிய செலவல்ல.

இந்த மூன்றையும் வீடு முழுவதற்கும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். ஒருமுறை உடைத்த சுவரை மறுமுறை உடைக்கக் கூடாது. பிறகு பூச்சு. தரையும் அலமாரியும் பெயின்ட்டும் காத்திருக்கும். இந்த ஆண்டு சமையலறை, அடுத்த ஆண்டு கூடம் என்று போனஸ் வரும்போது செய்துகொள்ளலாம். சிமென்ட் தரையில் ஓராண்டு நடந்தால் கௌரவம் குறைந்துவிடாது. சமையலறை மேடையின் உயரத்தை மட்டும் மேஸ்திரி முடிவு செய்ய விடாதீர்கள். தினமும் அங்கே நிற்கப் போகிற அம்மையாரைக் கேட்டு வையுங்கள்.

தண்ணீருக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும். நம் குழாயில் வரும் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றியபோது, கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாட்கள், இன்று கிடைக்கும் கலப்புச் சிமென்ட் என்றால் பத்து நாட்கள் நீர் ஊற்ற வேண்டும். கோடையில் வேலையைத் தொடங்கி, தண்ணீர் லாரிக்குப் பணமில்லாமல் மூன்று நாளில் நிறுத்தினால் போட்ட சிமென்ட் வீண்.

மாடி ஏற்றும் ஆசை

புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியதும், "இவ்வளவு செய்றோம், மேலே ஒரு மாடியும் போட்டுட்டா வாடகை வருமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போக்கியப் பணத்துக்கு வாசல் திறப்பது இந்தச் சொல்தான்.

2021 செப்டம்பர் 27 அன்று, நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத லக்கசந்திராவில் மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. உள்ளே தங்கியிருந்த தொழிலாளர்கள் ஆபத்தை உணர்ந்து முன்னதாகவே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். பத்து நாள் கழித்துக் கஸ்தூரி நகரில் இன்னொரு கட்டடம் விழுந்தது. 2024 அக்டோபர் 22 அன்று பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் மழையில் இடிந்து தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அனுமதிக்கு மேல் மாடிகள் ஏற்றியிருந்தார்கள் என்று அதிகாரிகள் அப்போது கூறினார்கள்.

தாத்தா ஓர் அறைக்காகப் போட்ட அஸ்திவாரம் பேரன் ஏற்றும் மூன்றாவது மாடியைத் தாங்குமா என்பதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. மூலையில் ஒரு குழி தோண்டி, அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்து, கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். சிங்கப்பூரில் நம் உறவினர்கள் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு சுவரை இடிப்பதற்கே கழகத்தின் அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர்தான் வேலை செய்யலாம். இங்கே கேட்பாரில்லை என்பதால் சுவரின் பலம் கூடிவிடப் போவதில்லை.

சட்டமும் முன்போல் இல்லை. கட்டட நிறைவுச் சான்றிதழ் பார்த்தே மின்சாரம், தண்ணீர் இணைப்பும் வங்கிக் கடனும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. 1,200 சதுர அடி வரையுள்ள மனைகளில் கட்டிய சிறு வீடுகளுக்குக் கர்நாடக அரசு 2025-ல் குடியேற்றச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தது. அதற்காக வரைபட அனுமதியே வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபோது நாம் பெங்களூர் மத்திய மாநகராட்சியின் கீழ் வந்தோம். பூச்சு, தரை, குழாய், வயர் மாற்றுவது வேறு; தூணைத் தொடுவது, அறை கூட்டுவது, மாடி ஏற்றுவது வேறு. பின்னதற்கு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

பத்திரம் யார் பேரில்?

பல வீடுகளில் பத்திரமும் காத்தாவும் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பேரிலேயே இருக்கின்றன. அந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு மகன் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிப் புதுப்பிக்கிறார். ஐந்தாண்டு கழித்து அண்ணன் தம்பிகள் பங்கு கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் செலவு செய்தவர் வயிறெரிகிறார், குடும்பம் பிளக்கிறது.

சகோதரிகளையும் மறக்க வேண்டாம். இந்துக் குடும்பங்களில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலச் சம உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லும், கர்நாடகம் 1994-லும், நாடு முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்துவிட்டது. 2005-ல் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. ஆகவே செலவு செய்யும் முன் அனைவரும் உட்கார்ந்து பேசி, பாகப் பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, காத்தாவை மாற்றுங்கள். பெங்களூரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா 2024-ல் கட்டாயமாகிவிட்டது. இந்தக் காகிதங்கள் சரியாக இருந்தால்தான் வங்கியும் கதவைத் திறக்கும்.

வங்கிக் கடனைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வரி மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள். பழைய வருமான வரி முறையில், சொந்தக் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ எடுத்த கடனுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடனுக்கு 30,000 மட்டுமே. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே கிடையாது.

மறுப்பவர்களுக்கு

"வங்கி, வங்கி என்கிறீர்களே, பி-காத்தா வீட்டுக்கும் தினக்கூலிக்காரருக்கும் எந்த வங்கி கடன் தரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போக்கியம் என்பது இந்த ஏழை எளியவர்கள் தங்களுக்குத் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட வங்கி என்பதை நான் மறுக்கவில்லை. வேறு வழியில்லாத வீடும் உண்டு. கூரை தலையில் விழும் நிலையில் இருப்பவரிடம் போய் வட்டிக் கணக்குச் சொல்ல முடியாது.

அவர்களுக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, வாங்கும் போக்கியத்தைக் கூரை, குழாய், மின்சாரம் என்ற அளவோடு நிறுத்துங்கள்; அலங்காரத்துக்கு ஒரு ரூபாயும் அதிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டு, வாங்கியதில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டு, வீட்டில் இன்னொரு வாடகைப் பகுதி இருந்தால் அதன் வாடகையையும் மாதந்தோறும் அதில் சேர்த்து வாருங்கள். அடுத்த முறை எட்டு லட்சத்துக்கு விட்டதை ஆறுக்கும், அதற்கடுத்து நாலுக்கும் இறக்கி, கடைசியில் வாடகைக்குக் கொண்டு வரலாம். மூன்று, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

இன்னும் சிலர், "ஊரில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, இரண்டையும் பார்க்க வேண்டாமா?" என்பார்கள். திருவண்ணாமலைப் பக்கம் உள்ள கிராமத்தில் யாரும் குடியிராத வீட்டுக்குத் திருவிழாவுக்காக மாடி கட்டி, இங்கே பிள்ளைகள் படிக்கும் அறையில் மழைநீருக்கு வாளி வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பூர்வீக வீட்டின் மீது பாசம் வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் தூங்கும் கூரைக்கு முதல் உரிமை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் உறுப்பினர்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அனுபவம் மிக்க மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற நாம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் இதற்காகக் கூடினால் என்ன? வீட்டு வேலை தொடங்கப் போகிறவர் தம் எஸ்டிமேட்டையும் பத்திர நகலையும் கொண்டு வரட்டும். பார்த்துச் சொல்ல நால்வர் போதும். இனம் இனமாக எழுத உதவும் ஒரு மாதிரிப் படிவத்தையும், பதிவு செய்யத்தக்க போக்கியப் பத்திர மாதிரி ஒன்றையும் தமிழில் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கலாம். படிவத்தைத் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

என் கணக்கில் பிழை இருப்பதாகவோ, போக்கியத்துக்கு ஆதரவாக வேறு நியாயம் இருப்பதாகவோ கருதும் அன்பர்கள் இதழுக்கு எழுத வேண்டுகிறேன். குறிப்பாகப் போக்கியத்தில் குடியிருக்கும் அன்பர்கள் எழுத வேண்டும். இதுவரை வீட்டுக்காரர்கள் பேச்சைத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம்.